வெயிலிலும் வாடாத கொல்லை



தைப்பூசம் முடிந்து மாசி பிறக்கும் வேளையில் நம் மலாக்கா வட்டாரத்து வெயிலுக்குத் தனி வேகம் வந்துவிடும். தமிழ்நாட்டைப் போல நமக்குச் சித்திரைக் கத்திரி கிடையாது. ஆனாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை விலகி நிற்கும். தங்கா பத்துப் பக்கம் கடற்காற்றும் சேர்ந்து வீசும்போது, காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் மாயமாகிவிடும். மாலையில் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் கத்தரிச்செடி தலை தொங்கி நிற்கும். வெண்டை இலை சுருண்டு கிடக்கும். பார்க்கும் நமக்கும் முகம் வாடிப்போகும்.

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் இந்த மாதம் கொல்லைப் பேச்சுத்தான் அதிகம். ஒரு தாயார், பந்தலில் காய்த்த முதல் பாகற்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததையும், அவர்கள் திருப்பி ஒரு கட்டு முருங்கைக்கீரை தந்ததையும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். இன்னொருவர், “டீச்சர், மூன்று மாதம் பாடுபட்டு வளர்த்தேன். மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. எல்லாம் போச்சு” என்று வருந்துகிறார். தோட்டத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போன ஒரு பெரியவர், “இப்போது என் கொல்லை ஐந்து பூச்சட்டிதான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியிலே எவ்வளவு ஏக்கம், பாருங்கள்!

இந்த இன்பத்தையும் துன்பத்தையும் சேர்த்துவைத்து இம்முறை பேசலாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வெயில் காலம் நம் தோட்டப்புறக் குடும்பத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். புதுத்தளிர் விட்டு முற்றும்வரை பால் குறைந்துவிடும். பால் வெட்டுகிறவர்களுக்கு எடைக்குக் கிடைக்கிற கூடுதல் பணமும் குறையும். அதே மாதங்களில் கொல்லையும் காய்ந்துபோனால், கீரைக்கும் மிளகாய்க்கும் கடைக்குத்தான் போகவேண்டும். வருகிற காசு குறைகிற நேரத்தில் போகிற காசு கூடுகிறது! செம்பனைத் தோட்டத்திலும் வறட்சியின் அடி உண்டு. ஆனால் அது உடனே தெரியாது. மரம் தாகத்தில் வாடினால் பெண் பூக்கள் குறையும். ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துத்தான் குலை குறைந்திருப்பது தெரியவரும்.

ஆகவே, வெயில் காலத்தில் கொல்லையைக் காப்பாற்றுவது பொழுதுபோக்கு அன்று. அது அடுப்படிக் கணக்கு.

இந்தக் கணக்கைப் பழைய சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1920-களின் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்ற விதி இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 2,700 சதுர அடி. எத்தனை தோட்டங்களில் அது முழுமையாகக் கிடைத்தது என்பது வேறு கதை. ஆனாலும் லயத்துக்குப் பின்னாலிருந்த கொல்லை யாரோ மனமிரங்கிக் கொடுத்த தானம் அன்று. குறைந்த கூலியில் குடும்பம் பிழைக்க அந்த மண் வேண்டும் என்று தெரிந்தே எழுதிய விதி அது. நம் பாட்டனும் பாட்டியும் அந்த மண்ணில்தான் முருங்கை நட்டார்கள், மாடு கட்டினார்கள்.

நம் மலாக்காவுக்கும் மரவள்ளிக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. ரப்பர் வருவதற்கு முன்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, இங்கே சீன முதலாளிகள் பெருமளவில் பயிரிட்டது மரவள்ளிதான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் 43 ஏக்கரில் ரப்பர் நட்டார். இந்நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்டதில் அதுவே முதல் என்பார்கள். பிறகு புக்கிட் அசாகானில் மரவள்ளியும் ரப்பரும் சேர்ந்தே பயிரிடப்பட்டன. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது நம்மவர் உயிரைப் பிடித்து வைத்ததும் இதே மரவள்ளிக் கிழங்குதான். “கப்பல் வராவிட்டாலும் கிழங்கு வந்தது” என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பின்னாளில் அரசாங்கமும் இதையே சொன்னது. உலகமெங்கும் விலைவாசி ஏறிய சமயத்தில், 1974-இல், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டைச் சுற்றியுள்ள வெற்று நிலத்தில் காய்கறி போடுங்கள் என்று மக்களை ஊக்குவித்த திட்டம் அது.

சரி, வரலாறு போதும். இப்போது மண்வெட்டியை எடுப்போம்.

முதல் வேலை, எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வது. வெயில் காலத்தில் எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்ற நினைத்தால் எதுவுமே தேறாது. காங்கோங், சாவி, பொன்னாங்கண்ணி போன்றவை தண்ணீர்க் குடியர்கள். அவற்றை ஒரே ஒரு சிறிய பாத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, மரவள்ளி, செராய் ஆகியவை வேரூன்றிவிட்டால் தாக்குப்பிடிக்கும். தட்டைப்பயறும் ஓரளவு வெயில் தாங்கும். கத்தரியும் மிளகாயும் நடுத்தரம். வேருக்கு நிழல் கொடுத்தால் பிழைக்கும். மஞ்சளின் இலை காய்ந்தால் கவலை வேண்டாம். கிழங்கு முற்றிவிட்டது என்று பொருள். தோண்டி எடுத்து, நல்லதைச் சமையலுக்கும் கொஞ்சத்தை விதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை, மண்ணுக்குப் போர்வை. இங்கேதான் இயற்கையின் ஒரு கருணையைப் பார்க்கிறேன். நம் வருமானத்தைக் குறைக்கிற அதே இலையுதிர் காலம், நம் கொல்லைக்கு வேண்டிய போர்வையையும் இலவசமாகக் கொடுக்கிறது! உதிர்ந்து கிடக்கிற ரப்பர் இலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, செடியைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தண்டு அழுகும். ரப்பர் இலை கிடைக்காதவர்கள் விதை பிடிக்காத காய்ந்த லாலாங் புல்லைப் போடலாம். செம்பனைத் தோட்டத்திலிருந்து மட்டையோ, ஆலையிலிருந்து வெற்றுக் குலைச் சக்கையோ எடுப்பதாக இருந்தால் மேலாளரிடமோ மண்டோரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்து இதைச் செய்து பார்த்தோம். இரண்டு பாத்தி. ஒன்றுக்கு இலைப் போர்வை, மற்றொன்று வெறும் மண். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மறுநாள் மதியம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். வெறும் மண்ணில் விரல் இறங்கவே இல்லை. இலைக்குக் கீழே மண் கறுப்பாக, சில்லென்று இருந்தது. “டீச்சர், இங்கே மண்புழு இருக்கு!” என்று ஒரு பையன் கூவினான். நான் அரை மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாலும் அவ்வளவு விளங்கியிருக்காது.

அதே இலையைக் குவித்துக் கொளுத்துகிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். திறந்த வெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது. காய்ந்த காலத்தில் ஒரு பொறி பறந்தால் லாலாங் காடு முழுதும் பற்றிக்கொள்ளும். புகையில் அவதிப்படுவது நம் குழந்தைகளும் இரைப்பு நோய் உள்ள பெரியவர்களும்தான்.

மூன்றாவது, தண்ணீர்க் கணக்கு. நம் நாட்டு வெயிலில் ஒரு சதுர மீட்டர் ஈர நிலத்திலிருந்து நாளொன்றுக்கு நான்கு, ஐந்து லிட்டர் ஆவியாகிப்போகும். மூன்றடி அகலம், பத்தடி நீளமுள்ள பாத்தி என்றால் 12 லிட்டர் போல வரும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். ஒருநாள் தண்ணீர் தவறினாலும் செடி சாய்ந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் நன்றாக ஊற்றுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது. பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு அது முடியாது. அவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு ஊற்றலாம்.

அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இரண்டையும் ஒரு வாளியில் சேர்த்தாலே மிளகாய்ச்செடிக்குப் போதும். குளித்த நீரை வாழைக்குத் திருப்பிவிடலாம். வெளுப்பு மருந்து கலந்த துணி நீரை மட்டும் விடவேண்டாம். எப்போதாவது ஒரு மழை வந்தால் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். இருபதடிக்கு இருபதடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 370 லிட்டர் கிடைக்கும். அது ஒரு பெரிய பீப்பாய் நிறைந்து வழியும் அளவு.

ஆனால் ஒன்று. தண்ணீரைச் சேர்த்துவைக்கிற வீட்டில் ஏடிஸ் கொசுவும் குடிவரப் பார்க்கும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். பீப்பாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். பூச்சட்டித் தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுங்கள். டிங்கிக் காய்ச்சல் வந்தால் ஒரு வாளி தண்ணீரில் மிச்சம் பிடித்ததெல்லாம் மருத்துவமனைக்குப் போய்விடும். வீட்டில் கொசுப் புழு கண்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் உண்டு.

நான்காவதாக, ஒரு பழைய உபாயம். பொங்கலுக்கு வாங்கிய மண்பானை வீட்டில் சும்மா இருக்கிறதா? அதைக் கழுத்துவரை பாத்தியில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, தட்டால் மூடிவிடுங்கள். சுற்றியுள்ள மண் காயக் காய, பானைச் சுவர் வழியாக நீர் தானே கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். செடி கேட்கிற அளவு பானை கொடுக்கிறது! சீன நாட்டு வேளாண் நூல் ஒன்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பூசணி வகைக்கு இந்த முறையைச் சொல்லியிருக்கிறது. மினுக்குப் பூசிய பானை உதவாது. பால் பொங்கிய பானையில் சில சமயம் துளை அடைத்திருக்கும். முதல்நாள் இரவு தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் வெளிப்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் புதையுங்கள்.

இனி, தொல்லைகள். வெயில் காலத்தில் மிளகாய் இலை சுருள்வதற்குப் பெரும்பாலும் இலைப்பேனும் சிலந்திப்பேனும்தான் காரணம். அவை இலையின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கும். காலையில் அடிப்பக்கம் படுகிறாற்போல் தண்ணீரை விசையாக அடியுங்கள். மிகவும் சுருண்ட இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்து, மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பார்ப்பது நல்லது.

இதற்கு மேல் ஒன்றையும் தோட்டத்து மருந்துக் கிடங்கிலிருந்து கொண்டுவராதீர்கள்! இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். களைக்கொல்லி வந்த டின்னைக் கழுவி, அதிலே கீரைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் அது வீட்டுக்கு ஆகாது. மருந்தடிக்கிற வேலையைத் தோட்டங்களில் பெரும்பாலும் நம் பெண்கள்தான் சுமந்தார்கள். அவர்களுடைய உடல்நலக் கேடுகளைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாகவே வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு இந்நாட்டில் முழுத் தடை வந்தது 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான். பிழைப்புக்காக மருந்தைத் தொட்ட கை, பிள்ளைக்குப் போடுகிற கீரையிலும் அதைக் கலக்கவேண்டுமா? மருந்தடித்த உடுப்போடு பாத்திக்குள் இறங்கவும் வேண்டாம். குளித்து மாற்றிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த தொல்லை, கோழி. இலைப் போர்வையைக் கண்டால் கோழிக்குக் கொண்டாட்டம். ஒரே மணி நேரத்தில் கிளறி எறிந்துவிடும். இதனாலேயே அண்டை வீட்டுச் சண்டை வந்ததென்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கோழிக்காரரிடம் கோபிப்பதைவிட, பாத்தியைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டுவது எளிது. அதோடு, முதல் காயில் இரண்டை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த நாள் கோழி தானே கூண்டில் இருக்கும்! அங்கிருந்து கொஞ்சம் கோழி எருவும் கிடைக்கும். அதை மட்கவைத்த பிறகே போடுங்கள். பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

தண்ணீரே வராத நாள்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்தது நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் ஜூஸ் அணை கட்டப்பட்டது. அப்படியும் வறட்சி நம்மை விட்டுவிடவில்லை. 2016-இல் எல் நினோ வெப்பத்தால் பெர்லிஸ், கெடா மாநிலப் பள்ளிகளையே மூடவேண்டி வந்தது. அப்படிப்பட்ட நாள்களில் குடிநீர் முதலில் மனிதனுக்கு. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய் பிழைத்தால் போதும். அதைவிட முக்கியம் விதை. வெயில் முற்றுவதற்கு முன்பே வெண்டை, பயறு, பாகல் இவற்றில் நல்ல காய் இரண்டை முற்றவிட்டு விதை எடுத்துவிடுங்கள். பாதியை நீங்கள் வையுங்கள். பாதியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். உங்கள் கொல்லை காய்ந்தாலும் உங்கள் விதை இன்னொரு வீட்டில் முளைத்திருக்கும். மழை வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இதைவிடப் பாதுகாப்பான சேமிப்பு எது?

அடுக்குமாடிக்குப் போன பெரியவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து சட்டியும் கொல்லைதான், ஐயா. கறுப்புப் பிளாஸ்டிக் சட்டி வெயிலில் கொதிக்கும். வெள்ளைச் சாயம் அடியுங்கள், அல்லது பழைய சாக்கால் சுற்றுங்கள். சட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு உதவும். செராய், மிளகாய், கறிவேப்பிலை, பாண்டான், ஒரு கீரை, இந்த ஐந்தும் ஐந்து சட்டிக்குப் பொருத்தம்.

கடைசியாக ஒன்று. “கொல்லை போட்டுப் பிழைத்துக்கொள்ளுங்களேன்” என்று கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் உண்டு. கொல்லை கூலிக்கு மாற்று அன்று. கீரை பாத்தியில் முளைக்கும். பள்ளிக் கட்டணமும் பேருந்துச் செலவும் முளைக்குமா? உழைப்புக்குரிய கூலியும் வேண்டும், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண்ணும் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு மாற்றிக் கொடுக்கிறோம் என்று பேச்சு வரும்போது, அறை எத்தனை என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். செடி வைக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரன் சட்டமே எழுதிவைத்ததை, சுதந்திர நாட்டில் நாம் கேட்கக் கூச்சப்படவேண்டியதில்லை.

இந்த வாரமே ஒரு மூட்டை இலை கொண்டுவந்து ஒரு பாத்தியைப் போர்த்துங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், விரலை விட்டுப் பார்க்கிற வேலையை அவர்களிடம் கொடுங்கள். பிழைத்தது எது, போனது எது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், முதல் மழைக்குப் பிறகு எதை முதலில் விதைப்பது என்று பேசுவோம்.

அதுவரை உங்கள் கொல்லை பசுமையாக இருக்கட்டும். வணக்கம்.